தூங்குவதற்கு ஒரு பீரியட்

அத்தியாயம் 14

"ஒரே ஒரு வார்த்தை குடு மது. அப்புறம் நீ தாராளமா வேலைக்குப் போ."

"என்ன வார்த்தைங்க?"

"காலேஜ்ல கம்பெனிப் பேச்சு எடுக்கக்கூடாது. கம்பெனில காலேஜ் பேச்சு எடுக்கக்கூடாது."

"ரெண்டுமே ஒரே ஆளோடதுதானுங்களே?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால், நல்லூர் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பேக்கரியில் நடந்த பேச்சு இது. அன்று காலைதான் வந்து சேர்ந்த வேலை உத்தரவு மதுமதியின் கைப்பையில் இருந்தது. கணவன் இளங்குமரன் தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து, பூரணம் அதிகமிருந்த பாதியை அவள் தட்டில் வைத்தான். ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கல்யாணமாகி ஏழு வருடம் வீட்டோடு இருந்தவள் அவள். அந்த நிமிடத்தில் அவன் என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

ஆட்டினாள்.

கல்லூரியின் தாளாளர் சென்னியப்பன்தான் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் முதலாளி. அவருடைய கம்பெனி வெட்டி அனுப்புகிற பீஸ்களைத் தைத்துக் கொடுத்துத்தான் மதுமதியின் மாமனார் கந்தவேலின் யூனிட் ஓடுகிறது. வீட்டுக்குப் பின்னால் நாற்பது மெஷின். சென்னியப்பன் ஒரு வாரம் பீஸ் அனுப்பாவிட்டால் நாற்பதும் சும்மா நிற்கும். அதனால் இளங்குமரன் கேட்ட வார்த்தையில் தப்பு ஒன்றும் இல்லை.

இல்லை என்றுதான் இரண்டு வருடமாக அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வகுப்புக்குள் நுழையும்போது, சென்னியப்பனிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு விஷயம் தொண்டைவரை வரும். அதை விழுங்கிவிட்டுத்தான் குட் மார்னிங் சொல்வாள்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை.

போன ஞாயிறு எடுத்த அந்தப் போட்டோ இந்நேரம் பாதித் திருப்பூரைச் சுற்றி வந்திருக்கும். கல்லூரியின் வகுப்பறை. டெஸ்க்கில் தலை சாய்த்து, கைகளை மடித்து வைத்து, இருபத்தாறு பேர் தூங்குகிறார்கள். எல்லாரும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டே ஞாயிறு சான்றிதழ் வகுப்புக்கு வருகிற வளர்ந்த ஆட்கள். நரைத்த தலைகளும் உண்டு. ஆசிரியை நாற்காலியில் மதுமதி. கேமராவைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்திருக்கிறாள்.

துறைத் தலைவர் தங்கராஜ் அதை ஜன்னல் வழியாக எடுத்து, கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'நமது ஞாயிறு வகுப்பின் சுறுசுறுப்பு' என்று கீழே ஒரு வரி. பதினோரு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். பன்னிரண்டாவதாகத் தாளாளர் போட்டது பொம்மை இல்லை. 'அடுத்த ஞாயிறு நானே வருகிறேன்.'

காலை எட்டு மணிக்கு முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார் கந்தவேல்.

"சென்னியப்பண்ணன் நேத்து போன் பண்ணுனாரு கண்ணு."

"சொல்லுங்க மாமா."

"கோயமுத்தூர்ல இருந்து ஒரு பேச்சாளரைக் கூட்டிட்டு வர்றாராம். உங்க ஆளுங்களுக்கு ஊக்கம் வர்ற மாதிரி பேசுவாராம். அவரு பேசி முடிச்சதும் நீ எந்திரிச்சு, இனிமே இந்த மாதிரி நடக்காதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அத்தோட முடிஞ்சுது."

"நடக்குமுங்க மாமா."

"என்னது?"

"இன்னைக்கும் தூங்குவாங்க. நேத்து சனிக்கிழமை. எல்லாருக்கும் ரெண்டு ஷிப்ட்."

ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் ஐந்தரைக்கு முடியும். ரெண்டு ஷிப்ட் என்றால் ராத்திரி ஒன்றரை. ஞாயிறு லீவுதானே என்று சனிக்கிழமை ராத்திரிதான் எல்லாக் கம்பெனியும் ரெண்டு ஷிப்ட் போடும். ஞாயிறு காலை பத்து மணிக்கு இவளுடைய வகுப்பு.

கந்தவேல் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் சாரதாமணியின் குரல் வந்தது. தோசைக் கரண்டியின் சத்தத்துக்கு மேலே, சாவகாசமாக.

"நம்ம யூனிட்லயுந்தான் நேத்து ரெண்டு ஷிப்ட்டு ஓடுச்சு. நாந்தான் ஒன்றரை மணிக்கு மெயினை ஆஃப் பண்ணீட்டு வந்து படுத்தேன். அதை எப்பக் கேக்கப் போற கண்ணு?"

மதுமதிக்கு முகம் சூடேறியது.

அவளுடைய மாணவர்களில் ஆறு பேர் இதே வீட்டுக்குப் பின்னால் தைக்கிறவர்கள். சென்னியப்பனை மட்டுமே எதிரில் நிறுத்தி, மனசுக்குள் இரண்டு வருடமாக வாதாடிக்கொண்டிருந்தாள். ஒரு நாளாவது இந்தக் கூடத்தில் வாய் திறந்தாளா?

சாரதாமணி தோசையைக் கொண்டுவந்து மருமகளின் தட்டில் போட்டாள். அந்த முகத்தில் குத்தலும் தெரியவில்லை, பரிவும் தெரியவில்லை.

"சாப்புடு. பேசறதுன்னா தெம்பு வேணும்."

இளங்குமரன் பைக்கில் அவளைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். காங்கயம் ரோட்டில் ஒரு டெம்போவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் தலையைத் திருப்பினான்.

"அம்மா சொன்னதை மனசுல வெச்சுக்காத."

"சரியாத்தானே சொன்னாங்க."

"நீ அவுங்க கூடச் சேர்ந்துக்காத தாயே. ஒரு ஊட்டுல ஒருத்தர் போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதுதான் இவனிடம் தொல்லை. சண்டைக்கு நிற்க வேண்டிய நேரத்தில் சிரிக்க வைத்துவிடுவான்.

"நீங்க எதுக்குங்க கூட வர்றீங்க? என்னைய எறக்கி உட்டுட்டுப் போயிரலாமே."

"அப்பா இருக்கச் சொன்னாரு."

"காவலுக்குங்களா?"

"ஞாபகப்படுத்தறதுக்கு." டெம்போ நகர்ந்தது. அவன் நகரவில்லை. "பேக்கரில குடுத்த வார்த்தை ஞாபகம் இருக்குதில்ல மது?"

பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"போங்க. பின்னாடி திட்டறாங்க."

வகுப்பறை வாசலில் பாண்டியம்மாள் காத்திருந்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்தவள். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் டெய்லர். நாற்பத்தொரு வயது. இந்த வகுப்பில் தேறினால் லைன் சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பம் போடலாம். சான்றிதழ் இல்லாததால் இரண்டு தடவை அந்த வேலை, அவளிடமே தொழில் கற்றுக்கொண்ட பையன்களுக்குப் போயிருக்கிறது.

"டீச்சர், இன்னைக்கித் தூக்கம் கெடையாதாமே. நெசமாவா?"

"நெசந்தான். பத்து மணிக்கே பேச்சாளர் ஆரம்பிச்சுருவாரு."

"யாரு அவுக?"

"உங்களுக்கு ஊக்கம் குடுக்க வர்றவரு."

"எங்களுக்கா?" பாண்டியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டாள். "மூணு பஸ்ஸு மாறி வந்து நிக்கேன். இன்னும் எம்புட்டு ஊக்கம் வேணுமாம் அவுகளுக்கு?"

முதல் மாதம் இந்த வகுப்புக்குப் பதிவு செய்தவர்கள் இருபத்தெட்டு பேர். வந்தவர்கள் ஒன்பது. மதுமதியும் எல்லா வழியும் முயன்றாள். படம் போட்டாள், வினாடி வினா வைத்தாள், சரியாகச் சொன்னவர்களுக்குப் பேனா கொடுத்தாள். முன் வரிசையில் இருந்த பாண்டியம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு நாள் சொன்னாள்.

"டீச்சர், நான் தூங்கிட்டா எழுப்பாதீக."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"படிக்கத்தான். ஒரு அரை மணி நேரம் கண்ண மூட விட்டீகன்னா, மிச்ச ரெண்டரை மணி நேரத்துக்கு நீங்க என்ன கேட்டாலும் சொல்லுவேன். விடலைன்னா மூணு மணி நேரமும் முழிச்சிக்கிட்டே தூங்குவேன். உங்களுக்கு எது வசதி?"

அந்த வாரமே மதுமதி பலகையில் எழுதிப் போட்டாள். பத்து மணி முதல் பத்தரை வரை தூக்கம். பத்தரைக்குப் பாடம். லைட்டை அணைத்து, ஃபேனை ஐந்தில் வைத்து, செருப்பு சத்தம் கேட்காமல் நடந்தாள். பத்தரைக்கு லைட்டைப் போட்டால், முகம் கழுவிவிட்டு வந்து உட்காருகிறவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள்.

பாடத்தையும் மாற்றினாள். தயாரான துணியில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் ஒட்டுகிற சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒவ்வொரு கம்பெனியிலும் சுருள் சுருளாகக் கிடக்கும். அதில் ஆளுக்கு ஒரு சுருளைக் கொடுத்து, "புஸ்தகத்தை செக்கிங் பண்ணுங்க. உங்க ஃப்ளோர்ல நடக்கறதுக்கு மாறா எங்கெல்லாம் எழுதியிருக்குதோ, அங்கெல்லாம் ஒட்டுங்க. ஏன்னு சொல்லோணும்" என்றாள். முதல் நாளே முப்பத்தெட்டு ஸ்டிக்கர் விழுந்தது. துணியை வெட்டுவதற்கு முன் எத்தனை மணி நேரம் பிரித்துப் போட்டு வைக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்த சண்டை, ஒரு மணி அடித்தும் ஓயவில்லை. வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார்.

ஒன்பது பேர் இருபத்தாறு ஆனது அப்படித்தான்.

தங்கராஜுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "வயசு வந்தவங்க மேடம். நிஜமாவே ஆர்வம் இருந்தா தூக்கம் எப்படி வரும்?" என்பார். ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போய், ஒன்பதரைக்குப் படுத்து, ஞாயிறு மத்தியானம் பிரியாணி வாங்கப் போகிற மனிதர். அவரிடம் என்ன பேசுவது?

மதுமதி ஒருமுறை வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை இரண்டாவது ஷிப்ட் இல்லை என்றால் உங்களுக்குச் சம்மதமா? யாரும் உடனே கை தூக்கவில்லை. அந்தச் சம்பளம் இல்லாமல் ஒருவருக்கும் மாதம் ஓடாது. பாண்டியம்மாள்தான் எழுந்து வழி சொன்னாள். "சனிக்கெழமை போடுறத பொதன்ல போடட்டும், வியாழன்ல போடட்டும் டீச்சர். வேலைக்கி நாங்க பயப்படல. சனிக்கெழமை ராவு மட்டும் எங்களுக்கு வேணும்." அப்போது இருபத்தாறு கையும் உயர்ந்தது.

அதை யார் போய்க் கேட்பது என்பதோடு பேச்சு நின்றுபோனது. எல்லாருடைய கண்ணும் மதுமதியைப் பார்த்தது. அவள் கரும்பலகையைத் துடைத்தாள்.

பத்து மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையில் சென்னியப்பன் வந்தார். அறுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். பனியன் கம்பெனியில் டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் ஆரம்பித்தவர். அதை மறைக்க மாட்டார், சொல்லிக்காட்டவும் தவறமாட்டார்.

"ஏம்மா, கந்தவேல் மருமகளா? நல்லாருக்கறயா?" என்றார். கடைசி வரிசையில் கதவோரம் நின்ற இளங்குமரனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு முன்னால் போட்டிருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கராஜ் பக்கத்தில் வருகைப் பதிவேட்டோடு நின்றுகொண்டார்.

"தூங்கறவங்க பேரு இன்னைக்கே அடிக்கப்படும்" என்றார் தங்கராஜ், வகுப்பைப் பார்த்து. "அஞ்சு பேருக்கு மேல போச்சுன்னா வகுப்பையே நிறுத்தறதா முடிவு. ஐயா சொல்லிட்டாங்க."

இருபத்தாறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாண்டியம்மாள் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்வதை மதுமதி பார்த்தாள்.

பேச்சாளர் சின்ன வயசுக்காரர். நீல கோட்டு, கழுத்தில் மைக். நல்ல குரல்.

"நண்பர்களே! உங்களைத் தடுப்பது யார்?"

இரண்டு மூன்று பேர் சென்னியப்பனைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"நீங்களேதான்! சொல்லுங்கள், என்னால் முடியும்!"

"என்னால் முடியும்" என்றது வகுப்பு.

"கேட்கவில்லை!"

"என்னால் முடியும்!"

"அம்மா, நீங்கள். உங்கள் கனவு என்ன?"

பாண்டியம்மாள் எழுந்தாள். "கனவு வர்ற அளவுக்கு நாங்க எங்கய்யா தூங்குறோம்?"

வகுப்பு சிரித்தது. பேச்சாளரும் சிரித்து வைத்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. தங்கராஜ் பதிவேட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

நாற்பது நிமிடம் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எழுந்து நின்றார்கள், கை தட்டினார்கள், பக்கத்தில் இருப்பவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வகுப்பு பிழைத்துக்கொண்டது என்று மதுமதி மூச்சு விட்ட நேரத்தில்தான், அந்த நல்ல மனிதர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார்.

"இப்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றார்.

"சார், அது மட்டும்..." என்று மதுமதி ஒரு அடி முன்னால் வைத்தாள். தங்கராஜ் கையை நீட்டித் தடுத்தார்.

"ஆழமாக மூச்சை இழுங்கள். மெதுவாக விடுங்கள். ஐந்து வருடம் கழித்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மனக்கண்ணால் பாருங்கள்." குரலை இறக்கினார். மைக்கில் கடல் அலைச் சத்தம் ஓடவிட்டார். "உங்கள் உடம்பு லேசாகிறது. கவலைகள் கரைகின்றன."

இரண்டு நிமிடம்.

"இப்போது மெதுவாகக் கண்களைத் திறந்து, என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்."

மூன்று பேர் திறந்தார்கள்.

"நண்பர்களே! கண்களைத் திறக்கலாம்!"

ஃபேன் சுற்றும் சத்தம். அலைச் சத்தம். இரண்டாவது வரிசையில் கட்டிங் மாஸ்டர் அழகுமலை, வாய் லேசாகத் திறந்திருக்க, அடிவயிற்றிலிருந்து ஒரு குறட்டை விட்டார். பாண்டியம்மாளின் தலை டெஸ்க்கைத் தொட்டிருந்தது. தொடையைக் கிள்ளிய கை அப்படியே நின்றுபோயிருந்தது.

பேச்சாளர் மைக்கை வாயிலிருந்து விலக்கி, "சார், இப்படி எனக்கு எங்கயுமே ஆனதில்ல" என்றார்.

சென்னியப்பன் எழுந்து மேஜையில் ஓங்கி அறைந்தார்.

இருபத்து மூன்று பேர் தூக்கிப்போட்டு விழித்தார்கள். ஒருவர் எழுந்து நின்று, "வந்துட்டனுங்க, வந்துட்டனுங்க" என்று அப்படியே கதவுப் பக்கம் நடக்கப் பார்த்தார். மெஷினில் கண் அசந்து மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"பேரை அடிங்க தங்கராஜ். எல்லாத்தையும்." சென்னியப்பனின் குரல் நடுங்கியது. "லட்ச ரூபாய் செலவு பண்ணி வகுப்பு எடுத்தா, இவங்களுக்கு ஊக்கமே இல்லியே! நானும் ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சுதான் இந்த நெலைக்கு வந்தேன். ஏய், நீ எந்திரி. கொறட்டை உட்டயே, நீதான். எந்தக் கம்பெனி நீ?"

அழகுமலை எழுந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நம்ம கம்பெனிதானுங்க மொதலாளி."

"எது?"

"நம்ம கம்பெனிங்க. ரெண்டாவது யூனிட்டு. கட்டிங்கு. பத்தொம்பது வருசமாச்சுங்க."

சென்னியப்பன் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"நேத்து எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"முடியலீங்க. ஒன்றரைக்குக் கெளம்பச் சொன்னாங்க. மிச்சத்தை நாளைக்குக் காலைல வந்து வெட்டோணும்."

தங்கராஜின் பேனா பதிவேட்டுக்கு மேலே நின்றது. அடிப்பதா வேண்டாமா என்று அதற்குத் தெரியவில்லை.

"ஷிப்மெண்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் சென்னியப்பன். கோபத்தின் மேலோடு கழன்றிருந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மதுமதி பக்கம் திரும்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். எதையாவது கொடுத்து ஒரு சங்கடத்தை முடிக்கத் தெரிந்தவர். "நீ சொல்லும்மா. இந்த ரூமு புழுக்கமா இருக்குது, அதான் தூக்கம் வருது. ஏசி வேணுமா? நாளைக்கே போடறேன். பெரிய ஸ்கிரீன் வேணுமா? காபி மெஷினு? என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேளு. கந்தவேல் மருமக கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவனா?"

"அதுக்கு முன்னாடி, அந்தப் போட்டோ விஷயத்துக்கு மேடம் எழுத்துல வருத்தம்..." என்று தொடங்கினார் தங்கராஜ்.

"அட, இருய்யா."

ஒரு வார்த்தை. எல்லாருக்கும் அவளிடமிருந்து ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. பேக்கரியில் புருஷனுக்கு ஒன்று. காலையில் மாமனாருக்கு ஒன்று. இப்போது இவருக்கு ஒன்று.

கதவோரம் இளங்குமரனின் கையில் செல்போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா. அவன் எடுக்கவில்லை. அவளைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தான். வேண்டாம் மது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நாற்பது மெஷினும் அந்தக் கண்ணில் இருந்தன.

ஏசி கேட்டுவிடலாம். கேட்டால் கைதட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். அடுத்த ஞாயிறு இந்த இருபத்தாறு பேரும் குளிர்ந்த அறையில் இன்னும் நன்றாகத் தூங்குவார்கள். வருடக் கடைசியில், தூங்கியதற்காகவே தோற்பார்கள். பாண்டியம்மாளின் லைனுக்கு இன்னொரு பையன் சூப்பர்வைசராக வருவான்.

"ஏசி வேண்டாமுங்க" என்றாள் மதுமதி.

"அப்புறம்?"

"இவங்களுக்கு ஊக்கம் இல்லைன்னு சொன்னீங்க. பாண்டியம்மாள் மூணு பஸ் மாறி வர்றாங்க. அழகுமலை அண்ணன் நாளைக்குக் காலைல மறுபடியும் வெட்டோணும், இருந்தும் இன்னைக்கு வந்து உக்காந்திருக்காரு. நீங்களும் ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சீங்க, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா அடுத்த நாள் காலைல உங்களை உக்கார வெச்சு யாரும் பரீட்சை வெக்கலீங்க."

"மேடம்!" என்றார் தங்கராஜ்.

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்க சார். இனிமேதான் கேக்கப் போறேன்."

வகுப்பில் ஒரு கண்கூட மூடியிருக்கவில்லை.

அவள் சென்னியப்பனை விட்டுவிட்டு, முதலில் கடைசி வரிசைக்கு நடந்தாள். கதவோரம் நின்றவனுக்கு எதிரில் போய் நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"மொதல்ல உங்களைக் கேக்கறனுங்க. நம்ம யூனிட்ல இருந்து ஆறு பேர் இங்க உக்காந்திருக்காங்க. அவுங்களுக்காக இத்தனை நாளா நான் உங்ககிட்ட வாயே தெறக்கல. அது என் தப்பு. அன்னைக்குக் குடுத்த வார்த்தையை இப்ப மீறறேன். அதுவும் என் தப்பாவே இருக்கட்டும்."

இளங்குமரன் கையில் செல்போன் அதிர்வது நின்று, மறுபடி அதிர ஆரம்பித்தது.

மதுமதி அங்கேயே நின்று சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். புருஷன் ஒரு பக்கம், தாளாளர் ஒரு பக்கம், நடுவில் இருபத்தாறு பேர். இரண்டு வருடமாக விழுங்கியது தொண்டைக்கு வந்தது. இந்தத் தடவை அதை விழுங்க அவளுக்கு மனசில்லை.

"வாரத்துல வேற எந்த நாள் வேணும்னாலும் ரெண்டு ஷிப்ட் போட்டுக்குங்க. பொதன் போடுங்க, வியாழன் போடுங்க, நாங்க வர்றோம்னு இவங்களே சொல்றாங்க. சனிக்கிழமை மட்டும் அஞ்சரைக்கு மெயினை ஆஃப் பண்ணி, இவங்களை ஊட்டுக்கு அனுப்பிச்சுருங்க. எங்க யூனிட்லயும், உங்க கம்பெனிலயும்."